பாசி புராணம்

புராணம் என்றால் கடவுள் வாழ்த்தில் தொடங்குவதுதான் முறை. ஆனால் கடல்பாசிக்கென்று தேவலோகத்தில் இலாகா ஒதுக்கியதாகத் தெரியவில்லை. வருணனிடம் போனால் மழை, அலை, முத்து வரைக்கும்தான் நம் பொறுப்பு என்று கைவிரித்துவிடுவார். ஆகவே ஒரு சத்திரக்காரரை வாழ்த்தித் தொடங்குகிறேன்.

பெயர் மினோ தரோசயேமோன். ஊர், ஜப்பானில் கியோட்டோவுக்குப் பக்கத்து ஃபுஷிமி. காலம், 1658 வாக்கில் ஒரு குளிர்காலம். அவருடைய சத்திரத்தில் ஒரு பிரபு படை பரிவாரத்தோடு வந்து இறங்கினார். பிரபுக்கள் தங்கள் ஊருக்கும் தலைநகர் எடோவுக்கும் மாறி மாறிப் பயணம் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது அன்றைய ஷோகன் ஆட்சியின் சட்டம். வழிச்செலவிலேயே கஜானா காலியாகிவிட்டால் கலகம் செய்ய யாருக்குத் தெம்பிருக்கும்? இப்படிக் களைத்து வந்த பிரபுவுக்குச் சத்திரக்காரர் கடல்பாசியை வேகவைத்து, வடித்து, கட்டியாக்கிப் பரிமாறினார். பிரபு கொஞ்சம் தின்றார். மிச்சத்தைச் சத்திரக்காரர் கொல்லையில் கொட்டினார். அது ராத்திரிக் குளிரில் உறைந்தது, பகல் வெயிலில் உருகியது. சில நாள் கழித்துப் பார்த்தால் காய்ந்த சருகாகக் கிடந்தது. ஒழுங்கான ஆளாக இருந்தால் பெருக்கித் தள்ளியிருப்பார். இவர் எடுத்துக் கொதிநீரில் போட்டார். கடல் வாடை போய், முன்னைவிடத் தெளிவான கட்டி கிடைத்தது.

இது செவிவழிக் கதைதான். ஆனால் பாசியின் வரலாற்றில் பின்னால் நடந்த உண்மைகளைப் பார்த்தால், இந்தக் கதைதான் எல்லாவற்றையும்விட நம்பும்படியாக இருக்கிறது.

அந்தச் சருகுதான் அகர் அகர். நோன்பு மாதத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, இறுகியதும் டைமண்ட் டைமண்டாக வெட்டித் தருவார்களே, அதே கடல்பாசி. மளிகைக் கடைப் பட்டியலில் சைனா கிராஸ். புல்லும் இல்லை, சீனாவும் இல்லை. கடைக்காரரோடு இதற்காகச் சண்டை போட முடியாது.

இந்தப் புராணத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. பாசியில் புதையலைக் கண்டவர் யாரும் அதைத் தேடிப் போனவர் இல்லை. இடுப்பளவு நீரில் இறங்கி அந்தப் பாசியை எடுத்தவருக்குப் புதையலில் பங்கு கிடைத்ததும் இல்லை. இனி நாட்டுப் படலம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகள். மரம் குறைவு, காற்று அதிகம். 1722-ல் அங்கே ஸ்ட்ரான்சே என்ற தீவில் ஜேம்ஸ் ஃபே என்ற நிலக்கிழார், கரை ஒதுங்கிய பாசியைக் காயவைத்துக் குழியில் போட்டு எரிக்கத் தொடங்கினார். எரித்தால் சோடா உப்பு கிடைக்கும். அதில்லாமல் கண்ணாடியும் கிடையாது, சோப்பும் கிடையாது. அதுவரை இங்கிலாந்து அந்தச் சாம்பலுக்கு ஸ்பெயினின் கையை எதிர்பார்த்திருந்தது. ஒரு டன் சாம்பலுக்கு ஈரப்பாசி இருபது டன்னுக்கு மேல் வேண்டும். இருபது டன்னையும் பாறையிலிருந்து அறுத்து, முதுகில் சுமந்து, உலர்த்தி, புகைக்குள் நின்று கிளறுவது யார் வேலை என்று நிலக்கிழார்களுக்குக் குழப்பமே வந்ததில்லை.

தீவுக்காரர்களுக்கு இந்தப் புகை பிடிக்கவில்லை. மீன் ஓடிப்போகும், பயிர் கருகும், மாடு நோய்ப்படும் என்று 1742-ல் திரண்டு வந்து அடுப்புகளை உடைத்தார்கள். இன்றைக்கு இதையே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்தால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர், மதியச் சாப்பாடும் உண்டு. அன்றைக்குக் கலகம் என்று பெயர், வழக்குதான் கிடைத்தது. வழக்கில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டைப் பற்றி அவர்கள் சொன்னதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மாடு வரும்.

பிறகு நெப்போலியன் வந்தான். ஐரோப்பாவில் யார் வீட்டில் எது நடந்தாலும் அவன் வந்து கெடுத்துக்கொண்டிருந்த காலம். ஸ்பெயின் சாம்பல் வருவது நின்றுபோக, ஸ்காட்லாந்துப் பாசிச் சாம்பலின் விலை டன்னுக்கு இருபது பவுண்டைத் தொட்டது. எரித்தவர்கள் கைக்கு வந்தது இரண்டு, மூன்று பவுண்டு. மீதி எங்கே என்றால், கடலும் கரையும் பிரபுவுக்குச் சொந்தம், கரையில் ஒதுங்கும் பாசியும் பிரபுவுக்குச் சொந்தம், அலை மட்டும்தான் பொது.

இங்கேதான் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைப் பிரபுக்களின் மூளையை நாம் எழுந்து நின்று கும்பிட வேண்டும். உழுது பிழைக்கும் அளவுக்கு நிலம் இருந்தால் எவன் பாசி அறுக்க வருவான்? ஆகவே குடியானவர்களைக் கடலோரத்துக்குத் தள்ளி, பட்டினி கிடக்காத அளவுக்கு மட்டும், ஆனால் வயிறு நிறையாத அளவுக்கு, துண்டு துண்டாக நிலம் கொடுத்தார்கள். சரி, அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய்விடலாம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். பிரபுக்களுக்கு உடனே கருணை பொங்கியது. ஐயோ, கப்பலில் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்களே, சாப்பாடு போதாதே என்று கண்ணீர் விட்டு, 1803-ல் பயணிகள் கப்பல் சட்டம் வரக் காரணமானார்கள். ஆளுக்கு இத்தனை இடம், இத்தனை உணவு. நல்ல சட்டம்தான். கப்பல் கட்டணம் எகிறியது, ஏழை கரையிலேயே நின்றான். வரலாற்றில் மனிதாபிமானம் இவ்வளவு லாபம் ஈட்டித் தந்த சந்தர்ப்பங்கள் குறைவு.

வாட்டர்லூவில் நெப்போலியன் கதை முடிந்தது. ஸ்பெயின் சாம்பல் திரும்ப வந்தது. உப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறையை பிரெஞ்சுக்காரர் லெப்லாங் முன்பே கண்டுபிடித்திருந்தார், 1825-ல் பிரிட்டன் உப்பு வரியை எடுத்தும்விட்டது. பாசிச் சாம்பலை நாய்கூட மோந்து பார்க்கவில்லை. இப்போது பிரபுக்கள் கரையைப் பார்த்தார்கள். அடடா, எவ்வளவு ஜனம்! யார் இவர்களை இங்கே கொண்டுவந்து அடைத்தது? ஆடு வளர்த்தால் கம்பளியாவது மிஞ்சும். முன்பு கப்பலேற விடாமல் தடுத்த வர்க்கம், 1850-கள் வரைக்கும் தன் செலவிலேயே ஆட்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியது. அந்தக் கப்பல்களில் நெருக்கடி எப்படியிருந்தது என்று யாரும் கண்ணீர் விடவில்லை.

ஆர்க்னியின் வடகோடியில் நார்த் ரொனால்ட்சே என்று ஒரு குட்டித் தீவு. அங்கே 1832-ல் தீவைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பி, ஆடுகளை வயலுக்கு வெளியே கடற்கரைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவை இன்றுவரை பாசியைத் தின்றே ஜீவிக்கின்றன, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மேய்ச்சலுக்குப் போகின்றன. மனிதனை வெளியே தள்ளி ஆட்டை உள்ளே விட்ட ஸ்காட்லாந்தில், ஆட்டை வெளியே தள்ளி மனிதனை உள்ளே வைத்துக்கொண்ட அபூர்வமான ஊர் அது.

போர் நடந்த காலத்தில் எதிர்ப்பக்கம் நெப்போலியனுக்கும் பாசி தேவைப்பட்டது. அவனுக்கு வேண்டியது வெடியுப்பு. அதைக் காய்ச்ச மரச்சாம்பல் வேண்டும், சண்டை போட்டுப் போட்டு மரச்சாம்பலுக்குத் தட்டுப்பாடு. பாரிஸில் வெடியுப்புத் தொழில் நடத்திய பெர்னார் குர்த்வா பாசிச் சாம்பலுக்கு மாறினார். அது பாத்திரத்தின் அடியில் கசடாகப் பிடித்துக்கொள்ளும். கழுவக் கந்தக அமிலம் ஊற்றுவார். 1811-ல் ஒருநாள் அமிலம் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. ஊதா நிறத்தில் புகை கிளம்பி, குளிர்ந்த இடத்தில் பட்டுப் பளபளக்கும் கறுப்புப் படிகமாயிற்று. அவர் வீட்டுப் பூனை புட்டியைத் தட்டிவிட்டது என்று இன்னொரு பாடமும் உண்டு. பூனைக்குப் பங்கு கொடுக்க வேதியியல் நூல்களுக்கு மனமில்லை.

குர்த்வாவிடம் ஆராயப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. படிகத்தை நண்பர்களுக்குக் கொடுத்தார். அது கை மாறி விஞ்ஞானி ஆம்பியரிடம் வந்தது. ஆம்பியர் அதைக் கொடுத்தது யாரிடம்? எதிரி நாடான இங்கிலாந்தின் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியிடம். இரண்டு நாட்டுக்கும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1813-ல் நெப்போலியனின் அனுமதிச் சீட்டோடு டேவி பாரிஸில் உலாப் போய்க்கொண்டிருந்தார். கூடவே மனைவி, கையடக்கமான ரசாயனப் பெட்டி, பெட்டியையும் எஜமானரின் துணிமணியையும் பார்த்துக்கொள்ள மைக்கேல் ஃபாரடே என்ற இளைஞர். பின்னாளில் மின்சார யுகத்துக்கே அஸ்திவாரம் போட்டவரை அம்மையார் வேலைக்காரராகத்தான் நடத்தினார். டேவி பரிசோதித்துவிட்டு இது புதிய தனிமம் என்றார். உள்ளூர் வேதியியலாளர் கே-லுசாக் அதை நான்தான் சொன்னேன் என்றார். இருவரும் யார் முந்தி என்று குடுமியைப் பிடித்துக்கொண்டார்கள். அயோடின் பிறந்தது. 1820-ல் ஜெனீவா மருத்துவர் குவான்தே அதைக் கழுத்துக் கழலைக்குக் கொடுத்துப் பெயர் வாங்கினார். குர்த்வாவுக்கு 1831-ல் ஒருவழியாக 6,000 பிராங்க் பரிசு வந்தது. 1838-ல் வறுமையில் செத்துப்போனார்.

அடுத்தது சமையலறைப் படலம். எனக்கு இந்தப் புராணத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

1881, ஜெர்மனி. கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்க ராபர்ட் கோக் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிரூபிக்க வேண்டுமானால் ஒரு கிருமியை மற்றதோடு கலக்காமல் தனியாக வளர்க்க வேண்டும். எதன் மேல்? முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கை வெட்டி அதன் மேல் வளர்த்தார். உருளைக்கிழங்கு பிடிக்காத கிருமிகள் ஒத்துழைக்க மறுத்தன. அடுத்து ஜெலட்டின். அது வெயில் காலத்தில் தண்ணீராக ஓடியது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தீர்த்தன.

கோக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றிலுள்ள கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெயிலில் அவருடைய ஆராய்ச்சி வழிந்து ஓடியது. ஆனால் அதே வெயிலில் அவர் மனைவி ஃபானி செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் ஆடாமல் அசையாமல் நின்றன. இது எப்படி என்று அவர் கேட்டார். அகர் அகர் என்றார் ஃபானி. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில், ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுப் பக்கத்து வீட்டாரிடம் அந்தக் கைப்பக்குவத்தைக் கற்றிருந்தார். ஆசிய வெயிலில் தேறிவந்த பொருளுக்கு ஜெர்மன் கோடை எந்த மூலைக்கு?

அகர் 85 டிகிரி வாக்கில்தான் உருகும், இறுகிவிட்டால் உடம்புச் சூட்டில் கலங்காது, பெரும்பாலான கிருமிகளுக்கு அது தீனியும் இல்லை. கோக்குக்குத் தகவல் போனது. 1882 மார்ச் 24-ல் காசநோய்க் கிருமியைக் கண்டதாக உலகுக்கு அறிவித்தார். அந்த ஆண்டின் கட்டுரையில் அகர் பற்றி ஒரு வரி உண்டு. ஹெஸ்ஸே பெயர் இல்லை, ஃபானி பெயர் இல்லவே இல்லை. 1887-ல் கோக்கின் உதவியாளர் பெட்ரி, மூடி போட்ட ஒரு தட்டை அறிமுகப்படுத்தினார். இன்றைக்கு உலகத்துப் பள்ளிப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பெட்ரி தட்டு தெரியும். தட்டுக்குப் பெயர் கிடைத்தது, தட்டில் இருந்ததைச் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. ஹெஸ்ஸே குடும்பம் இதற்காகக் காப்புரிமையும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. அகர் மட்டும் இன்றுவரை ஆய்வகங்களில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு அம்மா, கேத்லீன் ட்ரூ. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாசி பற்றிப் பாடம் நடத்தியவர். 1928-ல் ஹென்றி பேக்கரைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமான பெண்களுக்கு வேலை கிடையாது என்பது பல்கலைக்கழக விதி. பேக்கரும் அதே ஊரில் கல்லூரி ஆசிரியர்தான். அவருக்குக் கல்யாணம் தகுதிக் குறைவாகவில்லை. ட்ரூ சம்பளமில்லாமல் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஜப்பானில் சோற்றைச் சுற்றித் தின்னும் நோரிப் பாசியை நூற்றாண்டுகளாக வளர்த்து வந்தார்கள். வளர்த்தார்கள் என்றால், கடலில் மூங்கில் கழிகளை நட்டுவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வித்து எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கோடையில் பாசி காணாமல் போகும், குளிர்காலத்தில் வந்தால் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வரவில்லை. மீனவர்கள் திண்டாடினார்கள்.

ட்ரூ இங்கிலாந்தில் நோரியின் ஒன்றுவிட்ட உறவான ஒரு பாசியை, சிப்பி ஓட்டோடு சேர்த்துத் தொட்டியில் போட்டு வைத்தார். ஓட்டுக்குள் இளஞ்சிவப்பாக ஒன்று படர்ந்தது. அதைத் தாவரவியலார் 1892-லேயே கண்டு, கோங்கோசெலிஸ் என்று தனிப் பெயர் சூட்டித் தனி இனமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான், கோடையில் பாசி சிப்பிக்குள் ஒளிந்துகொள்கிறது என்று ட்ரூ 1949-ல் நேச்சர் இதழில் எழுதினார். அரை நூற்றாண்டாக ஒரே ஆள் இரண்டு ரேஷன் கார்டு வைத்திருந்ததை ஒரு சம்பளமில்லாத அம்மா பிடித்துவிட்டார். ஜப்பானிய விஞ்ஞானி செகாவா அதைத் தம் ஊர் நோரிக்குப் பொருத்திப் பார்த்தார். சிப்பி ஓட்டில் வித்தை வளர்த்து வலையில் ஏற்றும் முறை வந்தது, தொழில் நிமிர்ந்தது. 1957-ல் காலமான ட்ரூ, ஜப்பான் மண்ணை மிதித்ததே இல்லை. 1963-ல் குமாமோட்டோ மாகாணத்து உடோவில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. கடலின் தாய் என்று ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ல் விழா எடுக்கிறார்கள். பல்கலைக்கழகம் கொடுக்காத சம்பளத்தை மீனவர்கள் இப்படித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நம் கரைக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் எதிரணிக்குப் போனதும் உலகத்து ஆய்வகங்களுக்கு அகர் வருவது நின்றது. அப்போதுதான் இந்திய விஞ்ஞானிகள் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். மன்னார் வளைகுடாவில் கஞ்சிப்பாசி கிடந்தது. 1949-ல் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை நிறுத்திவைத்து நோய் சோதித்த அதே மண்டபம் கேம்ப். 1960-களில் வியாபாரம் சூடு பிடித்தது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்கு, கட்டக்கோரைப் பாசி ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளுக்கு என்று மதுரை ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போயின. மூட்டைகளை நிரப்பியவர்கள் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, காலில் ரப்பர் செருப்பு, புடவைக்கு மேல் சட்டை. மூச்சை அடக்கிக்கொண்டு முங்க வேண்டும், அவ்வளவுதான் உபகரணம்.

1986-ல் அரசு 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. நல்ல காரியம், பவளப்பாறைகளுக்கு அது அவசியமும்கூட. ஆனால் நேற்று வரை பாட்டி முங்கிய இடத்தில் இன்று பேத்தி முங்கினால் அத்துமீறல். பிறகு வந்தது வளர்ப்புப் பாசி. பிலிப்பைன்ஸ் வழிவந்த கப்பாபைகஸ் 1984-ல் பவநகர் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு வந்து, பிற்பாடு மண்டபத்தில் மூங்கில் தெப்பத்தில் ஏறியது. 2000-க்குப் பிறகு அதை ஒப்பந்தம் போட்டு வளர்த்தது பெப்சி நிறுவனம். அறிவியல் பெயர் யார் வாயில் நுழையும்? பெப்சி பாசி என்றே ஊரில் நிலைத்தது. ஆர்க்னியில் பாசியிலிருந்து சோடா எடுத்தார்கள். இராமநாதபுரத்தில் சோடா கம்பெனியே பாசி எடுக்க வந்துவிட்டது.

45 நாளில் அறுவடை, பல குடும்பங்களில் நல்ல காசும் புழங்கியது. மறுக்க முடியாது. 2008-ல், குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் அந்தப் பாசி படர்ந்து மூடுவதாக மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்துக்குக் காவல் போட்டுப் பாட்டிகளை நிறுத்திய பூங்காவுக்குள், ஆராய்ச்சி நிலையம் வழியாக வந்த பாசி அனுமதி கேட்காமல் நுழைந்துவிட்டது. 2013-க்குப் பிறகு கடல் சூடேறியதிலும் நோயிலும் விளைச்சல் சரிந்தது. அதற்கு முன்பே பெப்சி தொழிலைக் கைமாற்றிவிட்டுக் கிளம்பியிருந்தது.

இப்போது மாடு. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு விவசாயி, கரை ஒதுங்கிய பாசியைத் தின்னும் தன் மாடுகள் மற்றவற்றைவிடத் தெளிவாக இருப்பதைக் கவனித்தார். அதைத் துருவிய ஆராய்ச்சி, அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியில் வந்து நின்றது. தீவனத்தில் துளி கலந்தால் மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகக் கலிஃபோர்னியாவில் சோதித்துச் சொன்னார்கள். பாசிப் புகையால் மாடு கெடும் என்றார்கள் ஆர்க்னிக்காரர்கள். மாட்டின் புகையைப் பாசி அடக்கும் என்கிறார்கள் இன்று. பருவநிலையைக் காக்க இனி உலகம் முழுக்கப் பாசி வேண்டுமாம். அது யார் கரையில் விளையும், யார் கையில் விலை நிற்கும் என்பதை ஆர்க்னியில் ஒருமுறை பார்த்துவிட்டோம்.

இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமாகக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆராய்ச்சியும் அதன் வேலைகளில் ஒன்று. இதற்கிடையில், எந்த ஆய்வகமும் சொல்லாமலே மன்னார் வளைகுடாப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மீன்பிடித் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. ஃபானிக்குக் கிடைக்காத மரியாதை இங்கே கொஞ்சம் சீக்கிரமே கிடைத்திருக்கிறது, அதுவும் வெளியூரிலிருந்து.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வளமாவூர்ப் பூங்காவை நடத்தும் குழுவில் பாசி எடுக்கும் பெண்கள் நாலு பேருக்கு நாற்காலி போடச் சொல்லி மீன்வளத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். கூட்டத்தை மட்டும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வைக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். அந்த நாட்களில் அவர்களுக்குக் கடலில் வேலை இருக்கும்.